தாத்தாவின் கேசட், ஆல்பம், இன்லண்ட் லெட்டர்: ஓராண்டு நினைவு மலர் தயாரான விதம்

தலைத்திவசத்துக்கு ஒரு நினைவு மலர் போடலாம் என்று பேச்சு எழுந்தால் எல்லோரும் முதலில் ஓடுவது அச்சகத்துக்குத்தான். எந்தப் படம், அட்டை பளபளப்பா மேட்டா, தங்க எழுத்து வேண்டுமா என்று பேச்சு அங்கேயே சுற்றும். அதெல்லாம் கடைசிக் கட்டம். முதல் வேலை, வீட்டில் இருப்பதில் எது முன்னால் கெட்டுப்போகும் என்று பார்த்து வரிசை போடுவது. சென்னையின் ஈரக் காற்றுக்கும் வெயிலுக்கும் அந்த வரிசை அநேகமாக இப்படித்தான் அமையும்: எண்பது தாண்டிய சொந்தங்களின் ஞாபகம், ஆடியோ கேசட், கலர் படம், கறுப்பு வெள்ளைப் படம், கடைசியாகக் கடிதங்களும் சான்றிதழ்களும்.

இந்தப் பதிவில் வரும் பொருட்கள் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவுடையவை. பீரோவின் அடித்தட்டில் 11 கேசட், 4 ஆல்பம், கூடத்துச் சுவரில் 3 ஃபிரேம், பிஸ்கட் டப்பா நிறையக் கடிதங்கள், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஜாதகம். பெரும்பாலான வீடுகளில் இருப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

பெரியவர்களிடம் கேட்பது

"அண்ணனைப் பத்திச் சொல்லுங்க அத்தை" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. ஒரு பழைய படத்தைக் கையில் கொடுத்து, "இது எந்த வீடு? வாடகை எவ்வளவு? தண்ணி எங்கிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டால் அரை மணி நேரம் தடையில்லாமல் வரும். வாடகை, ஷிப்ட் நேரம், சைக்கிள் கம்பெனி, கல்யாணத்துக்கு வாங்கிய கடன் என்று எண்ணும் பொருளும் இருக்கிற கேள்வியாகக் கேட்க வேண்டும். ஒரே கேள்வியைச் சித்தப்பாவிடமும் தனியாகக் கேட்டு வைத்தால் பின்னால் ஒத்துப்பார்க்கலாம். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுபவர் ஞாபகம்தான் பதிவாகும்.

பதிவுக்கு மொபைலே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து இரண்டு சாண் தூரத்தில் வைக்கவும். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடிபோல் விழும். மின்விசிறி கட்டாயம் நிறுத்தியாக வேண்டும். ஃபேன் காற்று மைக்கில் அடித்தால் அதைப் பின்னால் எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது. வெயில் நாளில் இது கொடுமைதான். காலை ஏழு, எட்டு மணிக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

கேசட்

நினைவு மலரில் குரல் வராது, பிறகு எதற்குக் கேசட் என்று கேட்பார்கள். எண்பதுகளில் வளைகுடாவில் இருந்த பிள்ளைக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பிய குடும்பங்கள் நிறைய. தாத்தா தன் வாழ்க்கையைத் தானே சொல்லியிருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். லேபிளை நம்பக் கூடாது. "பக்திப் பாடல்கள்" என்று எழுதியதில் பாட்டு முடிந்த பிறகு பத்து நிமிடம் குடும்பத்தார் பேச்சு இருக்கும். எல்லாக் கேசட்டையும் இரண்டு பக்கமும் கடைசி வரை ஓட்டித்தான் தீர வேண்டும்.

தொட்டதும் செய்ய வேண்டியது, கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுவது. அவை போனால் ரெக்கார்ட் பட்டன் அழுந்தாது, தவறுதலாக அழியும் பயம் இல்லை. அடுத்து, ஜன்னல் வழியாக டார்ச் அடித்து நாடாச் சுருளைப் பார்க்கவும். பழுப்பாக வழவழவென்று இருந்தால் சரி. வெள்ளைப் பொடியோ நூல் மாதிரியோ தெரிந்தால் பூஞ்சை; அதை டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) போட்டால் ஹெட்டில் (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பகுதி) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டதை சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் நன்றாகக் காயவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் வைத்து, பஞ்சு உதிராத மென்துணிக்கு நடுவே நாடாவைக் கையால் மெதுவாகச் சுற்றித் துடைக்க வேண்டும். கை பழகாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல்.

நம் ஊர்ச் சூட்டில் அதிகம் வரும் கோளாறு பூஞ்சைகூட இல்லை. கேசட் வாய்ப்பகுதியின் நடுவில் வளைந்த தகட்டின் மேல் ஒரு சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது உதிர்ந்துபோகும். அப்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி, வந்து வந்து போகும். கேசட் வீணாகிவிட்டது என்று பலர் தூக்கிப்போடுவது இந்த நிலையில்தான். உண்மையில் நாடா நன்றாக இருக்கும், கூடு மாற்றினால் போதும்.

கூடு மாற்ற, ஐந்து ஸ்குரூ வைத்த ஒரு பழைய கேசட் வேண்டும். ஸ்குரூ இல்லாமல் ஒட்டி மூடியது வேலைக்கு ஆகாது. தாத்தாவின் கேசட்டே அப்படி ஒட்டியதாக இருந்தால் இணைப்புக் கோட்டில் பிளேடை நுழைத்துச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். வெள்ளைத் துணி விரித்து, கேசட்டைப் படுக்கவைத்து, மேல் மூடியை நேராகத் தூக்கவும். உள்ளே இரண்டு சக்கரம், மேலும் கீழும் வழுக்குத் தாள், வாய்ப்பகுதியின் இரு மூலையிலும் சின்ன உருளை இருக்கும். எதையும் அசைக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளவும். நாடா எந்த உருளைக்கு வெளிப்புறமாகப் போகிறது என்பது பிறகு நினைவுக்கு வராது. இரண்டு சக்கரத்தையும் நாடாவோடு ஒரே பிடியில் தூக்கிப் புதுக் கூட்டில் வைத்து, நாடா கம்பளித் துண்டுக்கு முன்னால் செல்கிறதா என்று பார்த்து மூடவும். ஸ்குரூவை முழு பலத்தோடு முறுக்கினால் கூடு இறுகி நாடா திணறும். மூடி அசையாத அளவு போதும். அறுந்த நாடாவைச் சாதா செலோடேப்பில் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் பிடிக்கும். இதற்கென்றே இருக்கும் ஸ்ப்ளைசிங் டேப்பை, காந்தப் பூச்சு இல்லாத பளபளப்பான பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

ஓட்டுவதற்கு வீட்டு டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது) கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அதன் பெல்ட் தளர்ந்திருக்கும், சிலதில் தாராக உருகியே இருக்கும். பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துப்போய் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அளவு பார்த்து வாங்கலாம். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைக்கவும். பக்கத்தில் இருக்கும் கறுப்பு ரப்பர் உருளைக்கு ஈரத்துணியே போதும், ஆல்கஹால் ரப்பரை நாளடைவில் கெடுக்கும். பதிவு தொடங்கும் முன் கேசட்டை ஒருமுறை முழுக்க ஓட்டித் திருப்பிச் சுற்ற வேண்டும். வருஷக்கணக்கில் ஒரே நிலையில் இறுகிய சுருள் அப்போதுதான் சீராகும். டெக்கின் மேல் நம்பிக்கை இல்லையென்றால் நடராஜ் பென்சிலே போதும்.

இயர்போன் துளையிலிருந்து ஒரு 3.5 மி.மீ. ஒயர், லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்டு கார்டு வழியாக லேப்டாப்புக்கு. லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகினால் குரல் உடையும். அந்தத் துளை மைக்கின் மிகச் சின்ன மின்னளவுக்காகச் செய்தது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். இந்த அளவில் ஸ்டீரியோ பதிவு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. 60 நிமிடம் ஓடும் சி-60 கேசட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு ஜிபி. சி-90 என்றால் ஒன்றரை.

பதிவு மந்தமாக இருந்தால் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்குரூவை, ஓடிக்கொண்டிருக்கும்போதே, கால் திருப்புக்குள் இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்கவும். "ஸ்", "ச" ஒலிகள் எங்கே கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்த வேண்டும். பதிவு செய்த ரெக்கார்டரின் சாய்வுக்கு இந்த ஹெட்டின் சாய்வு பொருந்துவது அந்த இடத்தில்தான்.

வேகத்தைக் காதால் மட்டும் சரிபார்க்க முடியாது. தாத்தாவின் குரல் இவ்வளவு கட்டையா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. கரண்டில் ஓடிய ரெக்கார்டர் என்றால், பேச்சு நின்ற இடங்களில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மெலிதாகப் பதிந்திருக்கும். அந்த அமைதியான பகுதியைத் தேர்ந்தெடுத்து ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில், சைஸ் 65536 வைத்துப் பார்த்தால் கூர்முனை எங்கே நிற்கிறது என்று தெரியும். 48இல் நின்றால் கேசட் மெதுவாக ஓடியிருக்கிறது. 50ஐ 48ஆல் வகுத்து, 1.042 மடங்கு வேகம் கூட்டினால் குரல் இடத்துக்கு வரும். இரண்டு முனைகள் தெரிந்தால் 50இல் அசையாமல் நிற்பது இப்போதைய டெக்கின் சொந்த இரைச்சல். கேசட்டை நிறுத்திப் பார்த்தால் எது மறைகிறதோ அது பழையது. பேட்டரியில் பதிந்ததற்கு இந்த வழி உதவாது.

மூலப் பதிவில் இரைச்சல் நீக்கம் செய்யவே வேண்டாம். பிரதியில் 6 டெசிபல் வரை குறைக்கலாம். 12, 18 என்று போனால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். இருமல், குக்கர் விசில், தெருவில் கீரை விற்கும் குரல், எதையும் வெட்டாதீர்கள். எழுத்தாக்கும்போதும் அவர் பேசியபடியே எழுத வேண்டும். திருத்தினால் மேடைப்பேச்சு ஆகிவிடும்.

படங்கள்

சுவரில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சென்னை வீடுகளில் முதல் தலைவலி. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்து, காயும்போது இறுகிவிடும். பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கும். எனவே பிய்க்காமல், பின் அட்டையை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்க்க வேண்டும். சில ஸ்கேனர்கள் கண்ணாடியின் கனத்தால் கொஞ்சம் மங்கலாக எடுக்கும். அப்போது படத்தைச் சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டு எடுத்தால் பிரதிபலிப்பு விழாது.

எண்பதுகளின் ஒட்டும் ஆல்பத்தில் பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே பசைக் கோடுகள் இருக்கும். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை (மெழுகு தடவாதது) படத்துக்கு அடியில் நுழைத்து, மரம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் பெரும்பாலும் பிரிந்துவரும். மூலையைப் பிடித்து இழுத்தால் படம் மடிந்து வெள்ளைக் கோடு விழும், அது திரும்பாது. வராததை அந்தப் பக்கத்தோடேயே ஸ்கேன் செய்யவும்.

600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பு. 4க்கு 6 அங்குலப் படம் ஒன்று 26 எம்பி வரும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். கறையையும் பழுப்பையும் பிரித்தெடுக்க அந்த நிறத் தகவல் பின்னால் உதவும். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு 1200 டிபிஐ. 35க்கு 45 மி.மீ. படம் ஏறக்குறைய 1650க்கு 2125 புள்ளிகள் தரும். 200 டிபிஐயில் அச்சிட்டால் 8க்கு 10 அங்குல ஃபிரேமுக்குத் தாராளமாகப் போதும். சிவந்துபோன கலர் படத்தில் பச்சைநீலச் சாயம் மங்கியிருக்கும். படம் திருத்தும் மென்பொருளின் லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்தால் பாதிக்கு மேல் மீளும்.

முகத்தைக் 'கூர்மையாக்கும்' செயலிகளை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. தெரியாத இடத்தில் அவை சொந்தமாகக் கண்ணும் பல்லும் வரைகின்றன. பேரனுக்குத் தாத்தா மாதிரியே தோன்றும், பாட்டி பார்த்ததும் "இது யாரு?" என்பார். குரூப் போட்டோவில் சின்ன முகம்தான் இருக்கிறதென்றால் நெகட்டிவைத் தேடுவதுதான் வழி.

மழைவெள்ளத்தில் நனைந்த ஆல்பம் என்றால் விதி தலைகீழ்: காயவிடக் கூடாது. ஒட்டிக் காய்ந்தபின் பிரிக்க முடியாது. சுத்தமான குளிர்ந்த நீரில் வைத்து ஒவ்வொன்றாக நழுவவிட்டுப் பிரித்து, படம் மேல்நோக்கி இருக்க நிழலில் காயவைக்கவும். இரண்டு நாளுக்குள் முடியாது என்று தோன்றினால் பட்டர் பேப்பர் இடையிட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு மெதுவாகப் பார்க்கலாம்.

தேதி பிடிப்பது

வாழ்க்கைக் குறிப்பில் அதிகம் சண்டை வருவது பிறந்த தேதிக்குத்தான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 1937 ஜூன் 10. ஜாதகத்தில் ஈஸ்வர வருஷம் மாசி மாதம். இரண்டும் 1937 என்று நினைத்துப் போட்டுவிடுவார்கள். ஈஸ்வர வருஷம் 1937 ஏப்ரலில் பிறந்து 1938 ஏப்ரலில் முடிகிறது. மாசி என்றால் 1938 பிப்ரவரி, மார்ச். மார்கழிப் பிற்பாதி, தை, மாசி, பங்குனிக்கு எப்போதும் அடுத்த ஆங்கில வருஷம். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டி ஜூனில் பிறந்ததாக எழுதுவது அன்று சர்வ சாதாரணம்.

இந்த வித்தியாசம் படங்களிலும் எதிரொலிக்கும். மத்திய அரசு ஊழியருக்கு 1998 வரை ஓய்வு வயது 58, அதுவும் மாதத்தின் கடைசி நாள். எனவே சான்றிதழ் கணக்குப்படி பணி நிறைவுப் படம் 1995 ஜூன் 30ஐ ஒட்டியது. சஷ்டியப்தபூர்த்தியோ ஜாதகப்படி, ஈஸ்வர வருஷம் திரும்பி வந்து, அதில் மாசி, அதாவது 1998. மாலை போட்ட படம் இரண்டையும் ஒரே விழா என்று சேர்த்துவிடாமல் இருக்க இந்தக் கணக்கு வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் படத்திலேயே விழுந்திருக்கும் தேதியை மட்டும் நம்ப வேண்டாம். பேட்டரி மாற்றியபின் பலர் அதைச் சரிசெய்ததே இல்லை.

தேதியில்லாத வெளிப்புறப் படங்களுக்குப் பின்னணிதான் சாட்சி. எல்.ஐ.சி. கட்டடம் தெரிந்தால் 1959க்குப் பிறகு. மெரினாவில் காந்தி சிலையும் அதே வருஷம்தான். ஜெமினி மேம்பாலம் இருந்தால் 1973க்குப் பிந்தியது, வள்ளுவர் கோட்டம் என்றால் 1976. மூர் மார்க்கெட் முழுசாக நின்றால் 1985க்கு முந்தியது. கடிதங்களில் 'நயா பைசா' தபால்தலை ஒட்டியிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. மங்கிய நீல மையைப் படிக்க, கலரில் ஸ்கேன் செய்து சிவப்புச் சேனலை மட்டும் பார்க்கவும். நீல மை சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் எழுத்து கறுத்துத் தெரியும், பழுப்புக் கறையோ வெளுத்துவிடும். ராமபாணப் பூச்சி அரித்த தாளை லேமினேட் செய்யும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளவும்.

அச்சு

உள்ளடக்கத்தில் "அன்பே உருவானவர்", "பண்பின் சிகரம்" போன்றவற்றை எடுத்துவிட்டாலே பாதிப் பக்கம் மிச்சமாகும். அந்த இடத்தில் அவர் கையெழுத்தில் இருக்கும் வீட்டுக் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தைப் படமாகப் போடலாம்: பால், பேப்பர், சீட்டுப் பணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம். எந்தப் புகழுரையையும்விட அதைத்தான் எல்லோரும் நின்று படிப்பார்கள்.

டெம்மி 1/8 அளவு, உள்ளே 48 பக்கம் (16இன் மடங்காக இருப்பது நல்லது), எழுத்துக்கு 70 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாள், படங்களுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம். இந்தப் பக்க அளவுக்கு நடுவில் பின் அடித்தால் போதும். நூறு, இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் அச்சுதான் கட்டுப்படி. ஆயிரத்தை நெருங்கினால் ஆஃப்செட். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் இரண்டுக்கும் அச்சகங்கள் வரிசையாக இருக்கின்றன. மேப்லித்தோவில் படம் அச்சிட்டால் மை ஊறிக் கறுத்துவிடும், முன்கூட்டியே நடுநிறங்களைக் கொஞ்சம் வெளுக்க வைத்துக் கொடுக்க வேண்டும்.

தமிழ் எழுத்துரு தனித் தொல்லை. நாம் யூனிகோடில் தட்டிக் கொடுப்பதை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது ஸ்ரீ, க்ஷ உடையும்; 'கொ' 'கோ' மாறும்; 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டெழுத்து நிற்கும். யூனிகோடிலேயே பக்கம் அமைப்பவராகப் பார்த்துக் கொடுப்பது நிம்மதி. இன்டிசைனில் 'வேர்ல்டு-ரெடி' கம்போசர் தேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். பிழை திருத்தத்தைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்துப் பார்க்க வேண்டும். பெயர்களையும் உறவுமுறைகளையும் அந்தந்தக் குடும்பத்தில் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்தே வாங்கிவிடுவது உத்தமம். மருமகள் பெயர் விட்டுப்போன மலரால் வரும் மனஸ்தாபம் அடுத்த திவசம் வரை ஓடும்.

கூடத்தில் மாட்டும் படத்துக்கு ஒரு வார்த்தை. மூலப்படத்தை மாட்டாமல் பிரதியை மாட்டவும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே 2, 3 மி.மீ. கனத்தில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லவும், அப்போதுதான் மறுபடி ஒட்டாது. சந்தனம் வைத்தால் ஈரம் கண்ணாடியில் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும். பூமாலை ஈரமும் அப்படியே. கீழ்ச் சட்டத்தின் உள்விளிம்பில் சிலிகான் பூசி, பின்பக்கம் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று போகும். குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டாம்.

கோப்புகளை வாட்ஸ்அப்பில் சொந்தங்களுக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பவும், இல்லையென்றால் சுருங்கிவிடும். முழுத் தொகுப்பு இரண்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் வீட்டில். அச்சகத்திலிருந்து மலர்க் கட்டுகளை வாங்கும்போது அங்கேயே நாலைந்து பிரதியைப் பிரித்து, 16ஆம் பக்கத்துக்குப் பிறகு 17 வருகிறதா, பின் நடு மடிப்பில் விழுந்திருக்கிறதா, பாட்டி படம் தலைகீழாக இல்லையே என்று பார்த்துவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கொடுக்கவும்.